ஆர்க்கிட் படித்தால் சோறு கிடைக்குமா?

9 ஜூன் 2024 – கேள்வி (ஹொரமாவிலிருந்து ஓர் அம்மா)

பெண் இங்கே பெங்களூரில் பி.எஸ்சி. தாவரவியல் கடைசி வருஷம் படிக்கிறாள். எம்.எஸ்சி. முடித்துவிட்டு ஆர்க்கிட்டில் பிஎச்.டி. செய்யப்போவதாக ஒற்றைக் காலில் நிற்கிறாள். அவள் அப்பா, 'பூப் பார்க்கிறதெல்லாம் ஒரு உத்தியோகமா' என்று கேட்டுவிட்டுப் பேப்பரை விரித்துக்கொள்கிறார். இந்தத் துறையில் இருந்தவர்கள் யாராவது மழுப்பாமல் சொல்லுங்கள்.

9 ஜூன், இரவு 10.40

நான் இருந்தேன், 1989 முதல் 2020 வரை. உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், இது பூப் பார்க்கிற உத்தியோகம் இல்லை. பூ இல்லாத செடியைப் பார்க்கிற உத்தியோகம். ஆர்க்கிட் வருஷத்தில் இரண்டு மூன்று வாரம் பூக்கும். மிச்ச நாளெல்லாம் கிளையில் நாலு இலையும் கொஞ்சம் வேருமாகக் கிடக்கும். பூ கையில் இல்லாமல் பல இனங்களுக்குப் பெயரே சொல்ல முடியாது. மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் ராத்திரி பஸ் ஏறி, விடியற்காலை சக்லேஷ்புரத்தில் இறங்கி, பிஸ்லே காட்டுப் பக்கம் ஜீப் பிடித்து, அட்டைக்கடியோடு அண்ணாந்து பார்த்தால் பூ போன வாரமே உதிர்ந்திருக்கும். இல்லாவிட்டால் இப்போதுதான் மொட்டு விட்டிருக்கும்.

சோறு கிடைத்தது. எப்போது கிடைத்தது என்பதைத்தான் சொல்ல வேண்டும். நாளைக்கு.

10 ஜூன், காலை 6.15

பணக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருஷம் கழித்து 42,000. வீட்டு வாடகைப்படி தனி. 2023 ஜனவரியிலிருந்து இந்தக் கணக்கு. அம்மா வீட்டுச் சாப்பாட்டோடு வாங்கினால் தாராளம். பிஎச்.டி. முடிந்ததும் அது நின்றுவிடும், சிக்கல் அங்கேதான். வகைப்பாட்டியல் (செடிகளை இனம் பிரித்துப் பெயர் சொல்கிற படிப்பு) படித்தவர்களுக்கு பி.எஸ்.ஐ., அதாவது இந்தியத் தாவரவியல் ஆய்வகம், உண்டு. கோவையில் அதன் தென்மண்டல அலுவலகம், ஏற்காட்டில் 1963-இல் தொடங்கிய ஆர்க்கிட் தோட்டம். சிக்கிம் பாக்யோங்கில் 1996 முதல் ஆர்க்கிட்டுக்கென்றே ஒரு தேசிய ஆராய்ச்சி மையம். இடம் காலியாவது அபூர்வம். மற்றபடி கல்லூரி வாத்தியார் வேலை, திசு வளர்ப்புக் கூடம், நர்சரி.

நான் 1996-இல் முனைவர் ஆனேன். நிரந்தர வேலை 2003-இல். நடுவே ஏழு வருஷம் ஒரு திட்டத்திலிருந்து இன்னொரு திட்டத்துக்குத் தாவல். ஒரு திட்டம் மார்ச் 31 அன்று முடிந்தது, நீட்டிப்புக் கடிதம் நவம்பரில் வந்தது. எட்டு மாதமும் வேலை பார்த்தேன், சம்பளம் இல்லை. எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள்.

10 ஜூன், மதியம்

என் வீட்டு பால்கனி ஆர்க்கிட் மூன்று மாதமாகப் பூத்து நிற்கிறதே, நீங்கள் என்ன இரண்டு வாரம் என்கிறீர்கள் என்று ஒருவர். சரிதான். உங்களுடையது ஃபலனாப்சிஸ் கலப்பினம், கடையில் வாங்கியது. அது இரண்டு மூன்று மாதம் தாங்கும். நான் சொன்னது நம் காட்டுச் செடிகளை. அதிலும் 'இரண்டு மூன்று வாரம்' என்று பொத்தாம்பொதுவாக எழுதியது தப்பு. ஒரே நாளில் சுருண்டுவிடும் பூக்களும் உண்டு, மாதக்கணக்கில் பூத்துக்கொண்டே இருப்பவையும் உண்டு.

அந்தச் செடிக்குத் தண்ணீருக்குப் பதில் ஐஸ்கட்டி வைக்கச் சொன்னது யார்? ஐஸ்கட்டி பழரசத்துக்கு.

12 ஜூன்

பக்கத்து வீட்டு மாமரத்தில் ஏதோ தொற்றிக்கொண்டிருக்கிறது, புல்லுருவி என்று வெட்டப் போகிறார்கள், போட்டோ பாருங்கள் என்று எலகங்காவிலிருந்து ஒருவர். வெட்டாதீர்கள்! அது வாண்டா டெஸலாட்டா, ஓர் ஆர்க்கிட். புல்லுருவி மரத்துக்குள் வேரை இறக்கிச் சாற்றை உறிஞ்சும். ஆர்க்கிட் மரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். வேரைச் சுற்றி வெள்ளையாக, பஞ்சு மாதிரி ஓர் உறை தெரிகிறதா? மழை பெய்தால் அது நீரைக் குடித்துப் பச்சையாகிவிடும். மரத்திடமிருந்து ஒரு சொட்டுகூட எடுப்பதில்லை. ஆர்க்கிட் புல்லுருவி அல்ல. இதை வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

15 ஜூன், இரவு

எப்படி நாள் போகும் என்று ஹொரமாவு அம்மா கேட்டதால் ஒரு சம்பவம்.

1993 ஜூனில் பிஸ்லேயிலிருந்து, வனத்துறை அனுமதியோடுதான், ஒபரோனியா என்கிற ஆர்க்கிட் ஒன்றைக் கொண்டுவந்தேன். இலைகள் தட்டையாக, ஒன்றுக்குள் ஒன்று செருகி, பின்னல் போட்ட மாதிரி இருக்கும். பூ எள்ளளவு. நூற்றுக்கணக்கில் ஒரு வாலில் கோத்த மாதிரி வரும். பெயர் வைத்தவர் லிண்ட்லி என்கிற ஆங்கிலேயத் தாவரவியலாளர், 1830-இல், தேவதைக் கதை ராஜா ஓபரானின் பெயரில். பிஎச்.டி. மாணவர்களுக்கு ராஜா இல்லை, பேய். உதட்டு இதழின் மடல் எத்தனை, ஓரம் பல் பல்லாக இருக்கிறதா என்பதை வைத்துத்தான் இனம் பிரிக்க வேண்டும். அன்சாரியும் பாலகிருஷ்ணனும் 1990-இல் இந்திய ஒபரோனியாக்களைத் திருத்தி எழுதிய நூலின் ஜெராக்ஸ் என் தலையணை பக்கத்திலேயே கிடக்கும்.

செடியை ஜாலஹள்ளி குவார்ட்டர்ஸ் மொட்டைமாடியில், தேங்காய் மட்டையில் கட்டித் தொங்கவிட்டேன். பூக்கவில்லை. நாலு மாதம் தினமும் லென்ஸோடு பார்த்தேன். அக்டோபரில் 12 நாள் கோயம்புத்தூர் போனேன், லாலி ரோட்டில் பி.எஸ்.ஐ. ஹெர்பேரியத்தில் (செடிகளை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டிச் சேர்த்துவைக்கும் இடம்) பழைய தாள்களோடு ஒப்பிட. திரும்பி வந்தால் காம்பு காய்ந்து நிற்கிறது, பூ இல்லை. உட்கார்ந்து அழுதேன், பொய் சொல்லவில்லை.

மாமியார் பஞ்சாங்கத்தை எடுத்துவந்து கொடுத்தார். உள்ளே பூங்கொத்து ஒன்று, தட்டையாக, பழுப்பாக. பக்கத்தில் பென்சிலில் 'ஐப்பசி 6'. 'நீதான் பேப்பர்ல வெச்சு அழுத்துவியே, அதான். உதிர ஆரம்பிச்சுது' என்றார்.

எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொதிக்கவைத்து, ஒரு துளி சோப்புத் திரவம் விட்டு, ஒரே ஒரு பூவை உள்ளே போட்டேன். இரண்டு நிமிஷத்தில் சருகு நெகிழ்ந்து இதழ் பிரிந்தது. கண்ணாடித் தகட்டில் எடுத்து, மைக்ராஸ்கோப்பின் கீழே ஊசியால் உதட்டு இதழை விரித்தேன். புது இனம் என்று மனசுக்குள் ஊர்வலமே நடந்துகொண்டிருந்தது. அது ஒபரோனியா புரூனோனியானா. ராபர்ட் வைட் 140 வருஷத்துக்கு முன்பே பெயர் வைத்துவிட்ட சாதாரண இனம்.

ஆனாலும் தாள் நல்ல தாள். 22-10-1993 என்று தேதி போட்டு ஒட்டிச் சேர்த்தேன்.

16 ஜூன்

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. ஆர்க்கிட்டை அழுத்தினால் உடனே சாகாது. தண்டில் தண்ணீரைச் சேமித்து வைத்திருக்கும் ஜாதிகளை வெந்நீரில் முக்காமல் நியூஸ்பேப்பருக்குள் வைத்தால் உள்ளேயே துளிர் விடும். எனக்கு ஒரு டென்ட்ரோபியம் மூன்று வாரம் கழித்து தினத்தந்தி சினிமாப் பக்கத்தைத் துளைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தது.

19 ஜூன்

மாட்டுங்காவிலிருந்து கேட்டவருக்கு: ஆமாம், மும்பையில் ஆர்க்கிட் என்றால் சந்தாபாவ் பாதிரியார்தான். ஸ்பெயினில் 1903-இல் பிறந்து, புனித சவேரியார் கல்லூரியில் தாவரவியல் நடத்தி, இந்தியக் குடிமகனாகி, பி.எஸ்.ஐ.க்கே இயக்குநர் ஆனவர். கபாடியாவோடு சேர்ந்து பம்பாய்ப் பகுதி ஆர்க்கிட்கள் பற்றி 1966-இல் புத்தகம். கபாடியா ஓர் ஒபரோனியாவுக்கு 'சந்தாபாவி' என்று பெயர் வைத்தார். அந்தக் கல்லூரியின் பிளாட்டர் ஹெர்பேரியம் இன்னும் இருக்கிறது. பிளாட்டரும் பாதிரியார்தான். எங்கள் பெங்களூரில் கர்நாடகத் தாவரங்களைத் தொகுத்த சல்டான்ஹாவும் சேசு சபைப் பாதிரியார். அவர் தொகுப்பு இப்போது இந்திய அறிவியல் கழகத்தில் (ஐ.ஐ.எஸ்.சி.).

ஏன் எல்லாரும் பாதிரியார்கள்? நீட்டிப்புக் கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டாம், மாமியார் கிடையாது. (இரண்டாவதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். என் மாமியார் இல்லாமல் என் ஆய்வேட்டில் ஒரு பக்கம் குறைந்திருக்கும்.)

23 ஜூன்

புல்லுருவி விஷயத்தில் பாதி வாபஸ். ராத்திரி தூக்கம் வரவில்லை, அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

மரத்திடம் திருடுவதில்லை, அது சரி. ஆனால் குழந்தைப் பருவத்தில்? ஆர்க்கிட் விதை தூசி மாதிரி, ஒரு காயில் லட்சக்கணக்கில் இருக்கும். உள்ளே சாப்பாடு கிடையாது. நெல்லுக்கும் கொள்ளுக்கும் அம்மா கட்டிக்கொடுக்கிற சோறு மாதிரி ஒன்று இருக்குமே, அது இல்லை. ஒரு பூஞ்சை விதைக்குள் நுழைந்தால்தான் முளைக்கும். நுழைந்த பூஞ்சையையே அது தின்று வளரும். இதை 1899-இல் கண்டுபிடித்தவர் நோயல் பெர்னார் என்கிற பிரெஞ்சுக்காரர், 1911-இல் சின்ன வயசிலேயே போய்விட்டார். 1922-இல் அமெரிக்காவில் நட்சன், பூஞ்சை வேண்டாம், சர்க்கரை கலந்த அகாரில் (கடல்பாசியிலிருந்து எடுக்கும் கூழ்) முளைக்கும் என்று காட்டினார். இன்று மால்களில் விற்கும் ஆர்க்கிட் அத்தனையும் அந்தக் கண்ணாடிக் குடுவையிலிருந்து வந்தவைதான். சில இனங்கள் ஆயுசு முழுக்கப் பூஞ்சையை விடுவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் எபிபோஜியம் என்று ஒன்று, இலையும் கிடையாது பச்சையும் கிடையாது. மழைக்காலத்தில் தரையிலிருந்து வெளுப்பாக ஒரு காம்பு எழும்பும், பூக்கும், காணாமல் போகும்.

அதனால் எலகங்காக்காரரே, மரத்துக்குப் புல்லுருவி இல்லை, பூஞ்சைக்குக் கொஞ்சம் புல்லுருவிதான். ஆனாலும் வெட்டாதீர்கள்.

2 ஜூலை

காட்டில் ஆர்க்கிட் எங்கே இருக்கிறது என்று இடம் கேட்டு மூன்று பேர். சொல்லமாட்டேன். போட்டோ போட்டாலும் இருப்பிடத்தை எடுத்துவிட்டுப் போடுங்கள்.

காரணம் அகத்தியர் மலையில் இருக்கிறது. தென்னிந்தியாவுக்கு ஒரே ஒரு செருப்பு ஆர்க்கிட், பாஃபியோபெடிலம் ட்ரூரி. அகத்தியர் மலைப் பகுதி தவிர உலகத்தில் வேறெங்கும் இயல்பாக வளராது. கர்னல் ட்ரூரி 1865-இல் பார்த்தார். அப்புறம் வியாபாரிகள் பெயர்த்து எடுத்து எடுத்து, காட்டில் அற்றே போய்விட்டது என்று நினைக்கிற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். விஞ்ஞானிகள் யோக்கியர்கள் என்றும் சொல்லமாட்டேன். ஹூக்கர் என்கிற ஆங்கிலேயத் தாவரவியலாளர் மேகாலயாவின் காசி மலையில் நீல வாண்டாவை ஏழு ஆள் சுமை சேகரித்து லண்டன் கியூ தோட்டத்துக்கு அனுப்பினார். உயிரோடு போய்ச் சேர்ந்தது சொற்பம். அவரே எழுதிவைத்திருக்கிறார்.

7 ஜூலை

தமிழில் ஆர்க்கிட்டுக்குப் பெயர் என்ன? கிரேக்க மூலத்தைச் சொல்லட்டுமா? ஆண்பிள்ளை விதைப்பை. நிலத்து ஆர்க்கிட்களின் இரட்டைக் கிழங்கைப் பார்த்து வைத்தது. ஹொரமாவு அப்பாவிடம் இதை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

மலையாளத்தில் மரவாழை. டச்சுக்காரர் வான் ரீட் தொகுத்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸின் 12-ஆம் தொகுதியில் (1693) இது 'மரவாரா' ஆகிவிட்டது. அதில் அஞ்செலி மரவாரா, காஞ்சிரம் மரவாரா என்று வரும். அஞ்சிலி மரத்தில் உட்கார்ந்தது, காஞ்சிர மரத்தில் உட்கார்ந்தது என்று அர்த்தம். காஞ்சிரம் நம் எட்டி மரம். ஆளை விலாசத்தோடு சொல்வது மாதிரி! மரம் ஏறினவன் வைத்த பெயர் அது, மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தவன் வைத்ததில்லை. அந்த அஞ்செலி மரவாராதான் ரிங்கோஸ்டைலிஸ் ரெடூசா, அசாம்காரர்கள் பிஹுவுக்குத் தலையில் வைக்கிற கொபௌ பூ. கன்னடத்தில் சீதாளெ தண்டெ. சக்லேஷ்புரம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஓர் அம்மாள் அதை ஒரு முழம் சரம் மாதிரி கொண்டையில் சுற்றியிருந்தார். ரோஸ் புள்ளி போட்ட வெள்ளை. இறங்கும்வரை அந்தக் கொண்டையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

14 ஜூலை

பிரபலமான ஆர்க்கிட் விஞ்ஞானிகள் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். லிண்ட்லி, ரைஷன்பாக் என்று பட்டியல் போடலாம். ரைஷன்பாக் மகா கோபக்காரர். கியூ தோட்டத்தில் ரோல்ஃப் என்பவரை ஆர்க்கிட் பொறுப்பில் வைத்தது பிடிக்காமல், தன் தொகுப்பை வியன்னாவுக்கு எழுதிவைத்து, 25 வருஷம் யாரும் திறக்கக்கூடாது என்று உயிலில் போட்டுவிட்டு 1889-இல் செத்துப்போனார். அந்த 25 வருஷமும் மற்றவர்கள் ஒரே செடிக்குத் திரும்பத் திரும்பப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் குணம் இன்னும் துறையை விட்டுப் போகவில்லை.

எனக்குப் பிடித்தவர் வேறு ஒருவர், விஞ்ஞானியே இல்லை. வைட் மதராஸில் கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டராக வந்து, 1838-லிருந்து 1853 வரை ஆறு தொகுதி, 2,101 படங்களோடு இந்தியத் தாவரங்களை வெளியிட்டார். வரைந்தவர்கள் முதலில் ரங்கையா, அப்புறம் கோவிந்து. தமிழ்நாட்டு ஓவியர்கள். கடைசித் தொகுதியில் வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே (நெருங்கிய இனங்களின் கூட்டத்துக்கு) 'கோவிந்தூவியா' என்று பெயர் வைத்தார். படம் வரைந்த கைக்கு ஒரு பேரினம்! ஆனால் நிலைக்கவில்லை. அது லிண்ட்லி முன்பே பெயர் வைத்த ட்ரோபிடியாதான் என்று தெரிந்தது. முதலில் வைத்த பெயருக்குத்தான் உரிமை. கோவிந்தூவியா இப்போது இணைப்பெயர்ப் பட்டியலில், அதாவது வழக்கில் இல்லாத மாற்றுப் பெயர்களில், ஒரு வரி.

14 ஜூலை, இரவு

கோலாரிலிருந்து குட்டு. 'தமிழ்நாட்டு ஓவியர்கள்' என்றால் தமிழர்கள் என்று அர்த்தமாகிறதாம், அவர்கள் தெலுங்கு பேசும் ஓவிய மரபைச் சேர்ந்தவர்களாம். ஒப்புக்கொள்கிறேன். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு இதற்குச் சண்டை போட்டால் கட்டுப்படியாகாது.

16 ஜூலை

ஓசூர்க்காரர் ஒருவர் ஜூன் 15 குறிப்பைத் திரும்பப் படித்திருக்கிறார். 'அக்டோபர் 22 அன்று நீங்கள் கோயம்புத்தூரில் இருந்ததாகச் சொல்கிறீர்கள். தாளில் சேகரித்தவர் என்று யார் பெயர் போட்டீர்கள்?'

என் பெயர்.

21 ஜூலை

ஐந்து நாளாக எழுதவில்லை. மழை, செடிகளுக்கு நோய் வேறு. உண்மைக் காரணம் அதுவல்ல.

ஹெர்பேரியம் தாள் ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு இருக்கும். செடிப் பெயர், இடம், உயரம், தேதி, சேகரித்தவர், அவருடைய வரிசை எண். அந்த எண் ஒருவருக்கு ஆயுசு முழுக்கத் தொடரும். நான் 2,300 தாண்டி நின்றேன். ஐப்பசி 6-ஐ அக்டோபர் 22 ஆக்கி, என் பெயரையும் அடுத்த எண்ணையும் போட்டு ஒட்டினேன். அதே தேதியில் கோவைத் தாள்களில் என் கையெழுத்தில் அடையாளச் சீட்டுகள் இருக்கின்றன. ஒரே நாளில் இரண்டு ஊரில் இருந்திருக்கிறேன். நூறு வருஷம் கழித்து யாராவது இதைப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

என் முதல் கட்டுரையில் ஒருவர் தன் பெயரை முதலில் போட்டு என் பெயரைக் கடைசியில் தள்ளினார். அவர் அந்தக் காட்டுக்கே வந்ததில்லை. அதை இருபது வருஷம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஓசூர்க்காரர் மேல் கோபம் இருந்தது. இப்போது இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

18 ஆகஸ்ட்

ஹொரமாவு அம்மாவும் பெண்ணும் லால்பாக் மலர்க் கண்காட்சிக்கு வந்திருந்தார்கள், கண்ணாடி மாளிகை வாசலில் சந்தித்தோம். கூட்டம் நெருக்கியது. பெண் அலங்காரத்தையே பார்க்கவில்லை. வரிசையில் நின்றபடி ஒரு டென்ட்ரோபியத்துக்குள் பென்சில் முனையை விட்டு மகரந்தத் திரளை எடுத்து எனக்குக் காட்டினாள். காவலாளி கத்தினார். டார்வினும் 1862-இல் இதே பென்சில் வித்தையைத்தான் எழுதினார், ஐரோப்பிய ஆர்க்கிட் ஒன்றில். முனையில் ஒட்டிய திரள் அரை நிமிஷத்தில் முன்பக்கம் சாய்ந்துகொள்ளும், அடுத்த பூவின் சூல்முடியில் சரியாகப் போய் இடிக்க. அவளுக்கு அது தெரிந்திருந்தது. எனக்கு அவள் கத்தலுக்குக் கையை இழுக்காததுதான் பிடித்தது.

அப்பாவும் வந்திருந்தார். போன்சாய் பக்கம் போய்விட்டார்.

31 ஆகஸ்ட்

பெண்ணைக் கூட்டிக்கொண்டு பழைய கல்லூரி ஹெர்பேரியத்துக்குப் போனேன். ஒபரோனியா கோப்பு மூன்றாவது அலமாரியில். தாளில் பூங்கொத்து இன்னும் அப்படியே, நான் டம்ளரில் போட்ட ஒரு பூவின் இடம் மட்டும் காலி.

பழைய சீட்டை அடிக்கக்கூடாது, கிழிக்கக்கூடாது, மேலே ஒட்டக்கூடாது. எவ்வளவு தப்பாக இருந்தாலும் அது அங்கேயே இருக்கும். பக்கத்தில் புதுச் சீட்டுதான். அழியாத மையில் எழுதினேன்: ஜாலஹள்ளியில் வளர்த்த செடியிலிருந்து, ஐப்பசி 6, பறித்து அழுத்தியவர் என்று போட்டு மாமியார் பெயரை இனிஷியலோடு முழுசாக. தாள்களைப் பார்த்துக்கொள்கிற தம்பி, இவங்க எந்த டிபார்ட்மென்ட் மேடம் என்று கேட்டார். அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது என்று மட்டும் சொன்னேன்.

வரிசை எண் கட்டத்தை என்ன செய்வது என்று பெண் கேட்டாள். 1 என்று போடச் சொன்னேன்.

1 செப்டம்பர்

ஹொரமாவு அம்மாவுக்கு: வெள்ளிக்கிழமை ராத்திரி மெஜஸ்டிக்கிலிருந்து 11 மணிக்கு மேல் பஸ். முழங்கால்வரை வரும் காலுறை இரண்டு ஜோடி, கல் உப்பு ஒரு பொட்டலம், மாற்றுத்துணி பிளாஸ்டிக் பையில். அனுமதிக் கடிதம் என்னிடம் இருக்கிறது. பறிக்கப் போவதில்லை, பார்க்கத்தான். பூத்திருக்குமா என்று கேட்டாள். தெரியாது என்றேன்.